நமக்குள் என்ன ஒளிவு மறைவு?

(ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், குன்னத்துகால்)



சென்ற பொதுக்குழுவில் ஒரு சிறு சலசலப்பு ஏற்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். நம் சங்கத்தின் குடும்ப விவரப் புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம், அச்சுக்கூலி மிகவும் ஏறிவிட்டது, பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. கை தூக்காதவன் நான் ஒருவன்தான். "ஏன் அண்ணாச்சி, நமக்குள் என்ன ஒளிவு மறைவு?" என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்ல அன்று நேரமில்லை. பந்தி போட்டு இலை விரித்தாகிவிட்டது. தலைவர் அவர்கள் பெரிய மனதுடன், "அடுத்த கூட்டம் வரை இதைத் தள்ளி வைப்போம். சார் தம் கருத்தை நம் இதழில் எழுதட்டும்" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் வக்கீல் அல்ல. டிப்ளமோ படித்து, ரயில்வேயில் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்து, முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் கம்பியோடும் ரிலேயோடும் காலம் தள்ளியவன். எனக்குத் தெரிந்ததை எனக்குத் தெரிந்த முறையில் சொல்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு அடுத்த இதழில் திருத்துங்கள்.

புத்தகத்தின் அருமை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்துக்கு நான் எதிரி அல்ல. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு அது சொந்தபந்தத்தின் இடத்தில் இருந்திருக்கிறது. வள்ளியூரிலிருந்து வந்த என் மச்சினன் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நள்ளிரவில் ரத்தம் வேண்டும் என்றார்கள். அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் மூன்று பேரை எழுப்பினேன். மூன்று பேருமே வந்தார்கள். எத்தனையோ கல்யாணங்கள் அந்தப் புத்தகத்தில் தொடங்கியிருக்கின்றன. நட்சத்திரம், படிப்பு, வேலை எல்லாம் போட்டிருப்பதால் தரகர் செலவு மிச்சம் என்று சொல்லாத பெற்றோர் இல்லை.

ஆனால் அது அச்சுப் புத்தகம். ஒரு வீட்டுக்கு ஒரு பிரதி. டெலிபோன் மேஜைக்கு அடியில் கிடக்கும். கேட்டு வந்தவர் யார் என்று நமக்குத் தெரியும். அதே விவரம் செல்போனுக்குள் போனதும் அதன் குணமே மாறிவிடுகிறது. நூறு பேருக்கு அனுப்ப ஒரு விரல் தொட்டால் போதும். அனுப்பியதைத் திரும்ப வாங்க மட்டும் ஊர் முழுக்கக் கூடினாலும் முடியாது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் செய்த பிழை

2021-இல் ஊரடங்கு நேரத்தில், எங்கள் பக்கம் உள்ள ஓய்வு பெற்றவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். நவம்பர் மாதம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். வயதானவர்களால் வங்கிக்குப் போக முடியவில்லை. ஒவ்வொருவர் பெயர், ஓய்வு பெற்ற தேதி, பி.பி.ஓ. எண், வங்கிக் கிளை, போன் நம்பர் எல்லாம் நானே உட்கார்ந்து தட்டச்சு செய்து, ஒரு குழுவில் போட்டேன். நாற்பது பேர் இருந்த குழு. எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

2024 நவம்பரில் அந்தப் பட்டியலில் இருந்த நண்பர் ஒருவருக்கு ஒரு போன் வந்தது. நல்ல தமிழில், மரியாதையாகப் பேசியிருக்கிறான். "ஐயா, உங்கள் ஆயுள் சான்று இன்னும் பதிவாகவில்லை. இந்த மாதப் பென்ஷன் நின்றுவிடும். இப்போது உங்கள் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொன்னால் நானே பதிவு செய்துவிடுகிறேன்" என்றிருக்கிறான். நண்பர் ஏமாளி அல்ல. முதலில் சந்தேகப்பட்டுத்தான் கேட்டிருக்கிறார். அவன் பி.பி.ஓ. எண்ணைச் சொன்னான். ஓய்வு பெற்ற தேதியைச் சொன்னான். வங்கிக் கிளையைச் சொன்னான். இவ்வளவும் தெரிந்தவன் ஆபீஸ் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பி ஓடிபி எண்ணைக் கொடுத்துவிட்டார். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் பத்து நிமிஷத்தில் போய்விட்டது. மகள் பிரசவத்துக்கு வைத்திருந்த பணம்.

அவர் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு வார்த்தை சொன்னார். "எல்லாம் சரியாகச் சொன்னான் அண்ணாச்சி. இனிஷியல் மட்டும்தான் மாற்றிச் சொன்னான். நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்." அந்த இனிஷியல் என்ன என்று கேட்டேன். சொன்னார். வீட்டுக்கு வந்து என் பழைய பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவருடைய இனிஷியலை நான் தவறாகத் தட்டச்சு செய்திருந்தேன். அவன் சொன்ன அதே தவறு.

அந்த நாற்பது பேரில் யாரும் கெட்டவர் இல்லை. ஒருவர் மைத்துனருக்கு அனுப்பியிருப்பார், அவர் இன்னொரு குழுவில் போட்டிருப்பார், யாரோ ஒருவர் பிரிண்ட் எடுக்க ஒரு கடையில் கொடுத்திருப்பார். எந்த வழியாகப் போனது என்று எனக்குத் தெரியாது. புறப்பட்ட இடம் என் வீட்டுத் திண்ணை என்பது மட்டும் தெரியும். நண்பரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவிதான், "நீங்க நல்லதுக்குத்தானே அண்ணே செஞ்சீங்க" என்றார். அதைக் கேட்டபோது எனக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"நமக்குள் என்ன ஒளிவு மறைவு" என்ற கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். நமக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் செல்போனில் போட்ட எதுவும் நமக்குள் நிற்பதில்லை.

2020 ஏப்ரலில் வந்த கேள்விகள்

இது நம்மைப் போன்றவர்கள் மட்டும் செய்த பிழை அல்ல. கேரள அரசாங்கமே ஒரு முறை இதில் சிக்கியது. உங்களில் பலருக்கும் ஸ்பிரிங்க்ளர் விவகாரம் நினைவிருக்கும்.

2020 மார்ச், ஏப்ரலில் கொரோனா பரவிய சமயம். வீட்டில் தனித்திருப்பவர்கள், முதியவர்கள், நோயாளிகள் ஆகியோரின் விவரங்களை வார்டு வாரியாகச் சேகரித்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பெண் பணியாளர் வந்தார். வெயிலில் நடந்து வந்த பிள்ளை, மோர் கொடுத்தோம். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், என்ன மாத்திரை, வீட்டில் எத்தனை பேர், யார் வெளியூரிலிருந்து வந்தார்கள் என்றெல்லாம் கேட்டார். எல்லாம் சொன்னோம். என் மனைவி மலையாளம் சரளமாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. அந்தப் பிள்ளையின் கையில் இருந்த திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. நோய்க் காலத்தில் அரசாங்கம் கேட்கிறது, சொல்ல வேண்டியதுதானே என்ற எண்ணம்.

பிறகு செய்தித்தாளில்தான் படித்தோம். இப்படிச் சேகரித்த விவரங்களைத் தொகுத்து ஆராயும் வேலை, ஒரு மலையாளி நிறுவிய ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டிருந்தது. இலவச சேவை என்றார்கள். ஆனால் மக்களிடம் ஒப்புதல் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று இருந்தது. குன்னத்துகாலில் இருக்கும் ஒரு மனிதரின் சர்க்கரை நோய் விவரம் வெளியே போனால், அவர் நியாயம் கேட்க நியூயார்க்கா போவார்?

விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 ஏப்ரல் 24 அன்று நீதிபதிகள் தேவன் ராமச்சந்திரன், டி.ஆர். ரவி ஆகியோர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தார்கள். விவரங்களிலிருந்து ஆளை அடையாளம் காட்டக்கூடிய பகுதிகளை நீக்கிய பிறகே நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும்; இனி விவரம் சேகரிக்கும்போது, இது வெளி நிறுவனம் ஒன்றுக்குப் போகலாம் என்று மக்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்; நிறுவனம் அந்த விவரங்களை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றெல்லாம் கட்டளையிட்டார்கள். நோய்த்தொற்று ஒழிந்த பிறகு தகவல் தொற்று ஒன்று வந்துவிடக் கூடாது என்ற கவலையையும் தெரிவித்தார்கள். அடுத்த மாதமே, விவரங்களை இனி அரசின் சி-டிட் நிறுவனமே கையாளும் என்று அரசு நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

அரசின் பக்கத்து வாதத்தையும் சொல்வதுதான் நியாயம். அவசரக் காலம், லட்சக்கணக்கானோர் வெளிநாட்டிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் திரும்பி வரலாம் என்ற பயம், அவ்வளவு விவரங்களை உடனடியாகக் கையாளத் தங்களிடம் வசதி இல்லை என்றார்கள். அதை நான் மறுக்கவில்லை. வண்டி அவசரமாகப் போக வேண்டும் என்பதற்காகச் சிக்னலைப் பார்க்காமல் போக முடியாது என்றுதான் சொல்கிறேன். ஒரு வாக்கியம் சொல்லிக் கேட்டிருந்தால் நாங்கள் மறுத்திருக்கவே மாட்டோம்.

டவரும் எல்லையும்

அதே 2020 ஆகஸ்டில் இன்னொரு விவாதம் எழுந்தது. கொரோனா நோயாளிகளின் தொலைபேசி அழைப்பு விவரங்களைக் காவல் துறை சேகரிப்பதாகச் சொல்லி அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா உயர் நீதிமன்றம் போனார். யார் யாருடன் பேசினார் என்பதை நாங்கள் பார்க்கவில்லை, எந்த டவரில் இருந்தார் என்ற விவரத்தை மட்டுமே எடுக்கிறோம் என்று அரசு பதில் சொன்னது.

இங்கே எல்லையில் வாழ்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போயின. மனிதர்கள் கோடு போட்டுப் பிரித்தார்கள். டவருக்கு அந்தக் கோடு தெரியாது. எங்கள் பக்கத்தில் வீட்டு முற்றத்தில் நின்றால் கேரளா, கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாடு என்று செல்போன் காட்டும். ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் உட்கார்ந்த இடத்திலேயே பணம் பிடித்துவிடுவார்கள். ஊரடங்கில் எல்லை தாண்ட அந்தப் பக்கம் ஈ-பாஸ், இந்தப் பக்கம் ஜாக்ரதா பதிவு என்று இரண்டு அனுமதி வேண்டியிருந்தது நினைவிருக்கும். டவர் விவரத்தை மட்டும் வைத்து ஒருவர் பார்த்தால், வீட்டை விட்டு நகராத நான் ஒரு நாளைக்குப் பத்து முறை அனுமதியில்லாமல் எல்லை தாண்டியவன்.

கருவி சொல்வதெல்லாம் உண்மை என்று நம்புகிறவர்கள் கருவியைப் பழுது பார்த்திராதவர்கள். நான் பழுது பார்த்தவன். பெயர் விஷயத்திலும் இதே கதைதான். நம் ஆட்களுக்கு ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் முன்னால் ஒரு எழுத்தாக நிற்கும். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் மலையாளத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் இனிஷியலை விரித்து எழுதி வேறு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்க நாம் அலையும் அலைச்சல் இருக்கிறதே, அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். ஆகவே நம் விவரத்தைக் காப்பாற்றும் உரிமை மட்டும் போதாது. தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லும் உரிமையும் வேண்டும்.

சட்டம் நடந்து வந்த பாதை

அந்தரங்கம் என்பது வெள்ளைக்காரன் சரக்கு, நம் ஊரில் அதெல்லாம் கிடையாது என்று சிலர் சொல்வார்கள். இந்த உரிமையை நாட்டுக்கு விளக்கிய முக்கியமான தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டு வழக்கில்தான் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிட முயன்றபோது அதிகாரிகள் தடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்புச் சொன்னது. தன் பாட்டில் விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைகள் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. ஆனால் பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். அதிகாரிகள் தங்கள் மேல் பழி வரும் என்பதற்காக முன்கூட்டியே ஒரு வெளியீட்டைத் தடுக்க முடியாது என்று சொன்னது. தனி மனிதனுக்குக் கதவும் வேண்டும், அதிகாரிக்கு ஜன்னலும் வேண்டும் என்பது அதன் சாரம்.

1996-இல் டெலிபோன் ஒட்டுக் கேட்பது பற்றிய வழக்கில், உரிய அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் கேட்கக் கூடாது என்று விதிமுறை வகுத்தார்கள். பிறகு ஆதார் வந்தது. அதை எதிர்த்து 2012-இல் முதலில் வழக்குப் போட்டவர் யார் தெரியுமா? கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று மத்திய அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அது அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில், ஆதார் செல்லும், ஆனால் சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்றார்கள். புட்டசாமி அவர்கள் 2024-இல் 98 வயதில் காலமானார். ஓய்வு பெற்ற பிறகு நமக்கென்ன வேலை என்று திண்ணையில் உட்கார்ந்து பேசும் என் போன்றவர்கள் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரயில் சார்ட்டும் டோக்கன் பந்தும்

என் சொந்த இலாகாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பெட்டிக் கதவருகே முன்பதிவுச் சார்ட் ஒட்டுவார்கள் அல்லவா? பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் இறங்குகிறார், எந்தப் படுக்கை எல்லாம் அதில் இருக்கும். தனியாகப் போகும் பெண் பிள்ளை எந்தப் படுக்கையில் படுத்திருக்கிறாள் என்று பிளாட்பாரத்தில் போகிறவன் எவனும் படிக்கலாம். அதில் ஒரு குறை இருப்பதாக எனக்கு சர்வீஸ் காலத்தில் தோன்றவே இல்லை. 2018 மார்ச் முதல் பெரிய நிலையங்களில் பெட்டியில் ஒட்டுவதைச் சோதனையாக நிறுத்தினார்கள். காகிதச் செலவுதான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் எனக்கு வேறு நிம்மதி.

2022 ஆகஸ்டில் இதைவிடப் பெரிய செய்தி வந்தது. 2002 முதல் இணையத்தில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி., தன்னிடம் உள்ள பயணிகள் விவரங்களிலிருந்து வருமானம் ஈட்ட வழி சொல்ல ஒரு ஆலோசகர் வேண்டும் என்று டெண்டர் விட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு. நம் திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் அப்போது தலைவராக இருந்த நாடாளுமன்ற நிலைக்குழு ஐ.ஆர்.சி.டி.சி. அதிகாரிகளை அழைத்துக் கேட்டது. டெண்டரைத் திரும்பப் பெற்றுவிட்டோம் என்று அவர்கள் தெரிவித்தார்கள். இரண்டு விஷயங்கள் இதில் கவனிக்கத்தக்கவை. டிக்கெட் எடுக்க நாம் கொடுத்த விவரத்தை வேறு காரியத்துக்கு எடுக்க நினைத்தார்கள் என்பது ஒன்று. மக்கள் கேட்டதும் நின்றது என்பது மற்றொன்று. கேட்டால் நிற்கும். அதனால்தான் கேட்க வேண்டும் என்கிறேன்.

ஒற்றைப் பாதையில் முன்பு டோக்கன் பந்தை வைத்து வண்டி ஓட்டியது எப்படி என்று இளைய வாசகர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு ஸ்டேஷன்களிலும் இரண்டு பெட்டிகள், கம்பியால் இணைக்கப்பட்டவை. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒப்புதல் கொடுத்தால்தான் இந்தப் பெட்டியிலிருந்து ஒரு இரும்புப் பந்து வெளியே வரும். அதை ஒரு வளையத்தில் கோத்த தோல்பையில் வைத்து டிரைவர் கையில் கொடுப்பார்கள். அந்தப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. அந்தப் பந்து அந்த ஒரு பிளாக்குக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த பிளாக்குக்கு வேறு பந்து. போய்ச் சேர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது திரும்பிப் பெட்டிக்குள் போகாமல் இன்னொரு பந்து வெளியே வராது.

ஒப்புதல் என்று சட்டம் சொல்வது இந்தப் பந்தைத்தான். ஒருவருடைய விவரம் நகர வேண்டுமானால் அவர் கொடுத்த பந்து கையில் இருக்க வேண்டும். எந்தக் காரியத்துக்குக் கொடுத்தாரோ அதோடு சரி. காரியம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆயுள் சான்றுக்கு என்று நண்பர் கொடுத்த பி.பி.ஓ. எண்ணை, நவம்பர் முடிந்ததும் நான் அழித்திருக்க வேண்டும். குழுவில் இருந்தவர்களையும் அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் இந்த விதியோடு வாழ்ந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் மறந்துபோனேன்.

புதுச் சட்டம்: நல்லதும் குறையும்

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. முக்கியமான பொறுப்புகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இன்ன காரணத்துக்கு என்று சொல்லித்தான் விவரம் கேட்க வேண்டும். தப்பாக இருந்தால் திருத்தவும், வேண்டாம் என்றால் நீக்கவும் நாம் கேட்கலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் ஒரு தனி நன்மை இருக்கிறது. ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ பார்க்க நமக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதில் தமிழும் உண்டு. கேரளத்தில் இருந்தாலும் மகாராஷ்டிரத்தில் இருந்தாலும், இதைத் தமிழில் காட்டுங்கள் என்று கேட்கலாம். எழுத்துத் தெரியாமல் தலையாட்டிய என் மனைவியைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

குறைகளும் உண்டு. மத்திய அரசு தன் அமைப்புகள் எவற்றுக்கும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கலாம். மானியம், சான்றிதழ் போன்ற அரசுக் காரியங்களுக்குப் பல இடங்களில் ஒப்புதலே தேவையில்லை. இதைவிட எனக்கு வருத்தம் தருவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம். ஒரு தகவல் தனி நபர் பற்றியது என்றால் தர வேண்டாம் என்று மறுப்பது இப்போது சுலபமாகிவிட்டது. பொது நலன் பெரிது என்று காட்டி வாங்க வேறு பிரிவு இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் குடிமகனுக்குக் கதவு, அதிகாரிக்கு ஜன்னல் என்று 1994-இல் சொன்னதைத் தலைகீழாக்கும் அபாயம் இருக்கிறது. இதை எந்தக் கட்சிக் கண்ணோட்டத்திலும் சொல்லவில்லை.

"நாம் என்ன பெரிய பணக்காரர்களா, நம் விவரத்தை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. பணக்காரனுக்கு ஒன்று போனால் வக்கீல் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார். மகள் பிரசவத்துக்கு வைத்த பணம் போனால் நமக்கு யார் இருக்கிறார்கள்? நண்பருக்குக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றவே ஒரு நாள் ஆயிற்று. 1930 என்ற எண்ணை உடனே கூப்பிட்டிருந்தால் பணம் கை மாறுவதை நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும். இந்த எண்ணையாவது எல்லோரும் வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

சங்கத்துக்கு என் யோசனைகள்

குறை சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்குச் சில யோசனைகள்.

ஒன்று: புத்தகம் அச்சிலேயே வரட்டும். கூடுதல் செலவுக்கு என் பங்காக ஐயாயிரம் ரூபாய் தருகிறேன். குடும்பத் தலைவர் பெயர், ஊர், ஒரு போன் நம்பர் போதும். அதையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களுக்கு மட்டும் போடுவோம். குடும்பத் தலைவி சம்மதித்தால் அவர் பெயரும் வரட்டும்.

இரண்டு: பிறந்த தேதி, ஆதார், பென்ஷன் எண், வங்கி விவரம் எதுவும் எந்தப் பட்டியலிலும் வேண்டாம். சங்கத்துக்கு அது தேவையே இல்லை.

மூன்று: ரத்தப் பிரிவு விவரம் செயலாளரிடமும் இணைச் செயலாளரிடமும் மட்டும் இருக்கட்டும். வேண்டியவர்கள் அவர்களைக் கூப்பிடட்டும். நடு இரவானாலும் எடுப்பவர்களையே அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுப்போம்.

நான்கு: வரன் விவரம் தனி ஏட்டில் இருக்க வேண்டும். பெற்றோர் மட்டுமல்ல, பையனும் பெண்ணும் சம்மதித்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்ற பெண்ணின் ஜாதகம் இன்னும் யார் யார் போனிலோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஐந்து: நம் இதழில் பரிசு வாங்கிய பிள்ளைகளின் படம் போடுகிறோம். போட வேண்டியதுதான். ஆனால் பெயரோடு பள்ளிக்கூடம், வகுப்பு, வீட்டு விலாசம் வரை போட வேண்டாம்.

ஆறு: விவரம் கேட்கும் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். எதற்குக் கேட்கிறோம், எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்று இரண்டு வரி எழுதுவோம். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது.

ரயில்வேயில் கன்ட்ரோல் போன் என்று ஒன்று உண்டு. ஒரே கம்பியில் எல்லா ஸ்டேஷன்களும் இருக்கும். ஒருவர் பேசினால் வரிசையில் உள்ள யாரும் எடுத்துக் கேட்கலாம். அது எங்களுக்குத் தெரியும் என்பதால் அதில் வண்டி விஷயம் மட்டும்தான் பேசுவோம். சொந்த விஷயம் பேச வேண்டுமானால் நேரில் போவோம். வாட்ஸ்அப் குழுவும் அதுபோல ஒரு கன்ட்ரோல் போன்தான் என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2021-இல் நான் அனுப்பிய அந்தப் பட்டியல் இன்னும் யாருடைய போனிலாவது இருந்தால், தயவுசெய்து இன்றே அழித்துவிடுங்கள். அழித்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதுவரை பதினோரு பேர் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.